சந்தனமும் குங்குமமும் மட்டும் போதுமா?

ஆயுத பூஜையன்று காலையில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்க்க வேண்டும். தமிழ்க் குடும்பங்களின் ஸ்கூட்டர்களும் கார்களும் குளித்து முழுகி, நெற்றியில் சந்தனமும் குங்குமமும் துலங்க வரிசையாக நிற்கும். மறுநாள் தசராவுக்கு மராத்திக் குடும்பங்களின் வண்டிகள் செண்டுமல்லி மாலையோடு நிற்கும். புனேயில் குடியேறி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் எனக்கு அலுக்காத காட்சி இது.

2023 ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று அந்த வரிசையில் ஒரு ஸ்கூட்டர் என் கண்ணில் பட்டது. மற்ற வண்டிகளைப் போலவே அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள். ஆனால் டயர்களில் காற்று இல்லை. கைப்பிடிக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை கட்டியிருந்தது. அது எங்கள் குடியிருப்பில் வசிக்கும் ஒரு டீச்சரம்மாவின் வண்டி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். 2012 இல் அவர் கணவர் ஆசையாக வாங்கிய ஸ்கூட்டர் அது. 2022 மே மாதம் அவர் திடீரென்று காலமானார். அன்று நிறுத்திய வண்டி.

"அண்ணாச்சி, இதைக் கொடுத்திரலாம்னு நெனைக்கேன். எஞ்சினே போச்சுன்னு சொல்லுதாங்க. பழைய இரும்புக்காரர் நாலாயிரம் தாரேங்கார்" என்றார். சொல்லிவிட்டு வண்டியின் இருக்கையை ஒரு முறை துடைத்தார். அதன் பிறகு என்னால் பேசாமல் போக முடியவில்லை.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கிளம்ப மறுக்கும் ஓர் எஞ்சினைக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் ஒருவராவது நம் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். பழுது பார்க்கத் தெரிய வேண்டாம். விசாரிக்கத் தெரிந்தால் போதும். அதைக் கற்றுத்தரும் பொறுப்பை நம் சங்கம் ஏற்க வேண்டும். ஏன் என்பதற்கு இரண்டு வண்டிகளின் கதையைச் சொல்கிறேன்.

புல்வெட்டும் வண்டி

முதல் கதை 2005 இல் நடந்தது. நான் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பெரிய மைதானம் உண்டு. அதன் புல்லை வெட்ட அமெரிக்காவிலிருந்து ஒரு வண்டி வரவழைத்தார்கள். பார்த்தால் குட்டி டிராக்டர் போலிருக்கும். மேலே உட்கார்ந்து ஓட்ட வேண்டும். வயிற்றுக்கு அடியில் வெட்டும் கத்திகள் சுழலும். அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இப்படி ஒன்று வைத்திருப்பார்களாம். இங்கே அது வந்து இறங்கிய அன்று தொழிற்சாலையே வேடிக்கை பார்த்தது.

முதல் வாரமே "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை" என்று புகார் வந்தது. பெட்ரோல் பார்த்தோம், பாட்டரி பார்த்தோம், எல்லாம் சரி. கடைசியில் கையேட்டைப் படித்தால், கத்தியை ஓடவிடும் நெம்புகோல் அணைந்த நிலையில் இருந்து, பிரேக்கை மிதித்தால்தான் சாவி வேலை செய்யும் என்று எழுதியிருக்கிறது. ஓட்டுபவர் கத்தி சுழலும்போது இருக்கையை விட்டு எழுந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். மனிதனின் காலைக் காப்பாற்ற வைத்த பூட்டு அது. அதை நாங்கள் பழுது என்று நினைத்தோம். சிரித்துவிட்டுப் போனோம்.

மூன்றாம் ஆண்டில் வந்த கோளாறு சிரிக்கிற மாதிரி இல்லை. சாவியைத் திருப்பினால் எஞ்சின் 'உர்ர்' என்று அரைச் சுற்றுச் சுற்றும். சுவரில் முட்டியது போல் நின்றுவிடும். நாலைந்து முறை முயன்றால் ஒரு முறை கிளம்பும். பாட்டரி பலவீனம் என்று முடிவு செய்து புதிது போட்டோம். இரண்டு நாள் பரவாயில்லை. பிறகு பழைய கதைதான். அப்படியானால் ஸ்டார்ட்டர் மோட்டார் தேய்ந்திருக்கும் என்று சொல்லி, வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். வந்து சேர ஆறு வாரம். அதையும் மாட்டினோம். வண்டி அசையவில்லை. புல் மட்டும் முழங்கால் உயரம் வளர்ந்தது.

அப்போதுதான் ஒரு வயதான மராத்தி மெக்கானிக்கை யாரோ கூட்டிவந்தார்கள். எல்லோரும் அவரைக் 'காகா' என்பார்கள். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. நம் ஊர்க் காக்கை அல்ல. சைக்கிளில் ஒரு துணிப்பையோடு வந்தார். பத்து நிமிடம் வரை எதையும் தொடவில்லை. தோட்டக்காரரைக் கூப்பிட்டுக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எப்போதிலிருந்து இப்படி? காலையில் மட்டுமா, சூடான பிறகுமா? கிளம்பிவிட்டால் நன்றாக ஓடுகிறதா? இதற்கு முன் யார் எதைக் கழற்றினார்கள்?

பிறகு ஸ்பார்க் ப்ளக்கை மட்டும் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். எஞ்சின் பம்பரம் போலச் சுற்றியது. "மோட்டாருக்குப் பலம் இருக்கிறது, பாட்டரிக்கும் பலம் இருக்கிறது. சுமைதான் அதிகம்" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவர் விளக்கினார்.

நம் கிராமங்களில் கிணற்று மேட்டில் ஆயில் எஞ்சின் ஓடியதை ஐம்பது வயதைத் தாண்டிய வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கைப்பிடியைச் செருகிச் சுற்றும்போது, மேலே ஒரு சின்ன நெம்புகோலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். சக்கரம் வேகம் எடுத்ததும் அதைக் கீழே தட்டுவார்கள். 'டும் டும்' என்று எஞ்சின் பிடித்துக்கொள்ளும். அந்த நெம்புகோல் வால்வைச் சற்றே திறந்து வைத்து, உள்ளே காற்று இறுகாமல் பார்த்துக்கொள்ளும். இல்லாவிட்டால் எந்தப் பயில்வானாலும் கைப்பிடியைச் சுற்ற முடியாது. புல்வெட்டும் வண்டியின் ஒற்றை சிலிண்டர் எஞ்சினிலும் அதே ஏற்பாடு இருக்கிறது. கையால் செய்வதற்குப் பதிலாக, உள்ளே ஒரு சிறு மேடு தானாகவே வால்வைக் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. ஓடி ஓடி வால்வின் இடைவெளி அதிகமாகிவிட்டால் அந்தத் தூக்கல் போதாமல் போகும். பிஸ்டன் முழு அழுத்தத்தில் முட்டி நிற்கும்.

மேல்மூடியைக் கழற்றினார். மெல்லிய எஃகுத் தகடுகள் கோத்த அளவுகோலைச் செருகிப் பார்த்து, இடைவெளியை ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவுக்குத் திருத்தி முடுக்கினார். சாவியைத் திருப்பினோம். முதல் முயற்சியிலேயே கிளம்பியது. புதிய பாட்டரி, புதிய மோட்டார், ஆறு வாரக் காத்திருப்பு எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தாளின் கனமுள்ள இடைவெளி. காகாவின் கூலி நூற்றைம்பது ரூபாய், ஒரு டீ.

கிளம்பும்போது அவர் சொன்னது என் மனத்தில் தங்கிவிட்டது. "ஆதீ பகா, மக் உகடா." முதலில் பார், பிறகு திற. எங்கள் ஊர்க் கிணற்றில் ஓடிய ஆயில் எஞ்சின், 1946 இல் இந்தப் புனே நகரில் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் தொழிற்சாலையின் பெயர் பொறித்தது. பத்து வயதில் அந்த நெம்புகோலைத் தட்டுவதற்கு நானும் என் அண்ணனும் சண்டை போட்டிருக்கிறோம். தட்டத் தெரிந்த எனக்கு, அது எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லையே என்று அன்று வெட்கமாக இருந்தது.

மூன்றே கேள்விகள்

பெட்ரோல் எஞ்சின் எதுவானாலும், புல் வெட்டினாலும், ஸ்கூட்டரை இழுத்தாலும், கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டராக நின்றாலும், அது கிளம்ப மூன்று வேண்டும். சரியான அளவில் கலந்த காற்றும் பெட்ரோலும், அந்தக் கலவையை நெருக்குகிற அழுத்தம், சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. மூன்றும் இருந்தால் எஞ்சின் கிளம்பாமல் இருக்காது. கிளம்பவில்லை என்றால் மூன்றில் ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டுபிடிப்பதுதான் விசாரணை.

அதற்கும் முன்னால் ஒரு பூர்வாங்கக் கேள்வி உண்டு. எஞ்சின் சுற்றவே இல்லையா, அல்லது சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லையா? இரண்டும் வேறு வேறு நோய். இதைச் சரியாகச் சொல்லத் தெரிந்தாலே மெக்கானிக்கின் பாதி வேலை முடிந்துவிடும்.

சுற்றவில்லை என்றால் முதலில் எளியவற்றைப் பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் பக்கவாட்டு ஸ்டாண்டு கீழே இருந்தாலும் கிளம்பாது. இவை சரியென்றால் ஹாரனை அடித்துக்கொண்டே ஸ்டார்ட்டரை அழுத்துங்கள். ஹாரன் குரல் கம்மினால் பாட்டரி இறங்கியிருக்கிறது. மராத்தியில் 'பாட்டரி உதர்லி' என்பார்கள். புது பாட்டரி வாங்க ஓடுவதற்கு முன் அதன் முனைகளைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், இணைப்பைக் கழற்றித் துடைத்து இறுக்கினாலே பல நேரம் உயிர் வந்துவிடும்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ப்ளக்கைக் கழற்றிப் பாருங்கள். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்வது போல இது. நுனி நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால், பெட்ரோல் வருகிறது, பொறிதான் சந்தேகம். பல முறை உதைத்த பிறகும் காய்ந்து கிடந்தால், பெட்ரோலே வந்து சேரவில்லை. கரி படிந்து கறுத்திருந்தால் காற்று போதவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். வெளிர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எஞ்சின் ஆரோக்கியமாக ஓடியிருக்கிறது.

பொறியைப் பார்க்க, ப்ளக்கை அதன் தொப்பியில் மாட்டி, உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகப் படும்படி வைத்துக் கிக்கரை உதைக்க வேண்டும். நீலமாக 'டிக்' என்று வந்தால் நல்லது. மஞ்சளாகச் சோம்பி வந்தால் பலவீனம். பல்லாயிரம் வோல்ட் பாயும் இடம் அது. வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. ப்ளக் துவாரத்திலிருந்து எட்டத்தில் வைத்து, துவாரத்தைத் துணியால் மூடி, பெட்ரோல் சிந்தாத வெட்டவெளியில் செய்ய வேண்டும். அழுத்தத்தை உங்கள் கால் சொல்லும். உதைக்கும்போது கிக்கர் எதிர்த்துப் பேச வேண்டும். வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கினால்தான் வால்வ், பிஸ்டன் பற்றிக் கவலைப்பட வேண்டும்.

டீச்சரம்மாவின் ஸ்கூட்டர்

இப்போது இரண்டாவது கதை. 2023 ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது டீச்சரம்மா வண்டியை ஓட்ட முடிவு செய்திருக்கிறார். கணவர் இருந்தபோதே ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியவர். பள்ளிக்கு இரண்டு ஷேர் ஆட்டோ மாறிப் போக மாதம் மூவாயிரம் ரூபாய் ஆகிறது. மழையில் நின்றால் நேரமும் போகிறது. வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பட்டறைக்குப் போயிருக்கிறார்கள். பாட்டரி மாற்றினார்கள், ப்ளக் மாற்றினார்கள், இரண்டாயிரம் வாங்கினார்கள். இரண்டு நாள் எப்படியோ ஓடியது. மூன்றாம் நாள் நின்றது. மறுபடி போனால், "எஞ்சின் வேலை இருக்கிறது, போர், பிஸ்டன் மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும்" என்றார்கள். அதன் பிறகுதான் இரும்புக்காரர் வந்தார்.

நான் எதையும் தொடாமல் காகாவைப் போலக் கேட்டேன். "அந்த ரெண்டு நாள் எப்படி ஓடிச்சு டீச்சர்?"

"ஆக்சிலேட்டரை முறுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருந்தா ஓடும் அண்ணாச்சி. சிக்னல்ல விட்டேன்னா நின்னுரும்."

வாசகர்களே, நோய் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. முறுக்கினால் ஓடுகிற எஞ்சினுக்குப் பொறியும் உண்டு, அழுத்தமும் உண்டு. நிதானமாக நிற்கும்போது மட்டும் அதற்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. நிதான ஓட்டத்துக்கும், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பவும் கார்புரேட்டரில் தனியாக ஒரு சின்ன ஜெட் உண்டு. அதன் துவாரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது அடைத்தால் இப்படித்தான் ஆகும். பட்டறையில் யாரும் இந்தக் கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்ல வேண்டும் என்று அவரும் இருந்துவிட்டார்.

டீச்சரம்மாவின் மகள் அப்போது இரண்டாம் ஆண்டு கம்ப்யூட்டர் என்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்தாள். முதலாண்டுத் தேர்வில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவள். "ப்ளக் எங்கேம்மா இருக்கு, காட்டு" என்றேன். "படத்துல மேலே இருக்கும் மாமா" என்றாள். வண்டியில் அது பக்கவாட்டில், ஒரு மூடிக்குள் ஒளிந்திருந்தது. அவள் கையிலேயே ஸ்பானரைக் கொடுத்தேன். கழற்றினாள். இருபது முறை உதைத்த பிறகும் ப்ளக் காய்ந்து கிடந்தது. பொறி நீலம். கிக்கர் நன்றாக எதிர்த்தது. எஞ்சின் போகவில்லை என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் வடிகால் திருகு ஒன்று இருக்கும். அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்தோம். தேநீர் நிறத்தில் சொட்டியது. பெட்ரோல் வாடைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் வாடை. புட்டியின் அடியில் முத்து முத்தாக நீர் உருண்டது. மகள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

பெட்ரோல் ஊறுகாய் அல்ல, வைக்க வைக்க ருசிக்க. மாதங்கள் போகப் போக அதில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துவிடும். எஞ்சினைக் கிளப்ப மிகவும் வேண்டியதே அந்தப் பகுதிதான். மிச்சம் காற்றோடு சேர்ந்து பிசினாகி நுண்துவாரங்களை அடைக்கும். இப்போது இன்னொரு விஷயமும் சேர்ந்திருக்கிறது. நம் நாட்டுப் பெட்ரோலில் 2022 இல் பத்து சதவீத அளவை எட்டிய எத்தனால் கலப்பு 2025 இல் இருபது சதவீதத்தை எட்டியது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் நீரும் பிரிந்து அடியில் தங்கிவிடும். நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இது பெரிய தொல்லை அல்ல. இரண்டு மழைக்காலம் அசையாமல் நின்ற வண்டிக்குத் தொல்லைதான்.

டேங்கைக் காலி செய்தோம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிற நம் ஊர் வழக்கம் வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து. கைப்பம்பு போதும். கார்புரேட்டரைக் கழற்றி, சுத்தம் செய்யும் ஸ்ப்ரே அடித்து, டயர்க் கடைக் காற்றில் ஊதினோம். ஜெட்டில் கம்பியை விட்டுக் குத்தவில்லை. குத்தினால் துவாரம் பெரிதாகி வேறு நோய் வரும். அவள் ஜெட்டைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பார்த்து, "மாமா, வெளிச்சம் தெரியுது" என்று கத்தினாள். புதிய பெட்ரோல் ஊற்றி மாட்டினோம். காலியான கிண்ணம் நிறைய நேரம் பிடிக்கும் என்பதால் விட்டுவிட்டு உதைத்தோம். பதினோராவது உதையில் கிளம்பியது. கையை விட்டேன். நிற்காமல் ஓடியது.

செலவு அறுநூறு ரூபாய். இன்ஷூரன்ஸையும் புகைச் சான்றிதழையும் புதுப்பித்துக்கொண்டு மறு வாரமே டீச்சரம்மா பள்ளிக்குப் போனார். அன்று எஞ்சின் ஓடியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அவ்வளவுதான்.

மெக்கானிக் திருடனா?

இந்தக் கதையைச் சங்கத்தில் சொன்னபோது, "எல்லாரும் கொள்ளைக்காரன்கள்" என்றார் ஒரு நண்பர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தப் பட்டறைப் பையன் முன்னால் இருபது வண்டி நிற்கிறது. ஒவ்வொன்றிடமும் அரை மணி நேரம் விசாரணை நடத்தினால் அவன் அடுப்பு எரியாது. ஊகம் செய்து ஒரு பாகத்தை மாற்றுவது அவனுக்கு மலிவு; நமக்குத்தான் விலை. மாற்றிப் பார்ப்பது வைத்தியம் ஆகாது. ஆனால் வாய் திறந்து சொல்லத் தெரியாத வாடிக்கையாளரிடம் அவன் வேறு என்ன செய்வான்? எங்கள் தொழிற்சாலையில் படித்த பொறியாளர்கள் நாங்களே பாட்டரியையும் மோட்டாரையும் மாற்றினோமே!

"நமக்கு நேரம் எங்கே?" என்பது இன்னொரு ஆட்சேபம். நியாயம்தான். ஆனால் ஹாரன் அடித்துப் பார்க்கவும், ப்ளக்கைப் பார்க்கவும் கால் மணி நேரம் போதும். வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு மூன்று முறை நடக்கிற நேரத்தைவிட அது குறைவு.

"இப்போதெல்லாம் கார்புரேட்டரே இல்லையே" என்று பிள்ளைகள் கேட்பார்கள். உண்மை. 2020 ஏப்ரலில் பிஎஸ் ஆறு விதிகள் வந்தபின் விற்கும் ஸ்கூட்டர்களில் பெட்ரோலைக் கணினி தெளிக்கிறது. அதில் நாம் கை வைக்க ஒன்றும் இல்லை. வாரண்டி உள்ள வண்டியைத் திறக்கவும் கூடாது. ஆனால் சாவியைத் திருப்பியதும் பம்பின் மெல்லிய ரீங்காரம் கேட்கிறதா, எச்சரிக்கை விளக்கு அணைகிறதா, பாட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லலாமே. பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பல, பாட்டரி இறங்கியிருந்தாலும் உதைத்தால் கிளம்பின. புதிய வண்டி பாட்டரி இல்லாமல் கண்ணே திறக்காது. மின்சார ஸ்கூட்டர் வாங்கினாலும் 'என்ன ஆயிற்று, எப்போதிலிருந்து, எந்த நிலையில்' என்ற கேள்விகள் மாறப் போவதில்லை.

ஆபத்தைப் பற்றிய பயம் மட்டும் நல்ல பயம். அதைப் போக்க வேண்டாம், முறைப்படுத்த வேண்டும். மூடிய கராஜில் எஞ்சினை ஓடவிட்டால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். பெட்ரோல் திறந்திருக்கும் இடத்தில் பொறி கூடாது. சூடான எஞ்சினில் ப்ளக்கைக் கழற்றக் கூடாது. மாட்டும்போது முதலில் விரலால்தான் திருக வேண்டும், இல்லாவிட்டால் அலுமினிய மரை போய்விடும். ஸ்டார்ட்டரை ஐந்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தக் கூடாது. இவற்றையெல்லாம் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக் காட்டினால்தான் தெரியும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்

ஊரில் இருந்தால் வண்டி நின்றதும் ஒரு மச்சானோ, பக்கத்து வீட்டுத் தம்பியோ வந்து எட்டிப் பார்ப்பான். இங்கே நமக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நம் சங்கம்தான் மச்சான்; நம் சங்கம்தான் பக்கத்து வீடு. பரதநாட்டியம் கற்றுத் தருகிறோம், திருக்குறள் போட்டி வைக்கிறோம், ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடத்துகிறோம். எல்லாம் வேண்டியதே. அவற்றோடு ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை எஞ்சினுக்குக் கொடுத்தால் என்ன?

மண்டபத்தின் வாசலில் ஒரு பழைய ஸ்கூட்டரை நிறுத்துவோம். காகாவைப் போன்ற ஓர் அனுபவஸ்தரைக் கூலி கொடுத்து அழைப்போம். பெண்களும் பிள்ளைகளும் முன் வரிசையில் நிற்கட்டும். ஆண்கள் பின்னால் நின்று ஆலோசனை சொல்லாமல் இருந்தால் போதும். ஒவ்வொருவரும் ஒரு முறை ப்ளக்கைக் கழற்றி மாட்ட வேண்டும். நூலகத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கட்டும். அதில் ப்ளக் ஸ்பானர், திருப்புளி, இடைவெளி அளக்கும் தகடு, ஒரு மல்டிமீட்டர். புத்தகம் போலவே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் இருக்கட்டும். எந்த மெக்கானிக் கேள்வி கேட்டு வேலை செய்தார் என்று உறுப்பினர்கள் அதில் எழுதி வைப்பார்கள். அதன் கடைசிப் பக்கத்தில் நமக்கு வேண்டிய மராத்திச் சொற்கள். ஸ்பானருக்கு 'பானா', அடைப்புக்கு 'கச்ரா'. 'கார்புரேட்டர்மத்யே கச்ரா ஆலா காய்?' என்று கேட்டுப் பாருங்கள். மெக்கானிக் ஒரு கணம் நிமிர்ந்து உங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் உங்களுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சம்.

கணவர் போன பிறகு ஒரு வீட்டில் முதலில் நிற்பது வண்டிதான் என்பதை நான் நான்கைந்து வீடுகளில் பார்த்துவிட்டேன். அந்த வீட்டாரின் சுதந்திரமும் அதோடு சேர்ந்து நின்றுவிடுகிறது. வண்டியை மட்டும் விட்டுப் போகாமல், அதை விசாரிக்கும் வித்தையையும் வீட்டில் விட்டுப் போக வேண்டும். இதை ஆண்களுக்குத்தான் சொல்கிறேன்.

2024 ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று கீழே இறங்கினேன். டீச்சரம்மாவின் மகள் ஸ்கூட்டரின் பக்கத்து மூடியைத் திறந்து வைத்து, ப்ளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னம்மா, வண்டி மக்கர் பண்ணுதா?" என்றேன். "இல்லை மாமா, நல்லாத்தான் ஓடுது. பொட்டு வைக்கிறதுக்கு முன்னால பார்த்திரலாம்னு" என்றாள். ப்ளக்கை என்னிடம் நீட்டினாள். நுனி வெளிர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது.